ஐந்தாவது ஆள்

நான் எழுதிய மூன்று வரிகளால் ஒரு பெண்ணின் காலை நேர வேலை பறிபோனது. அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை எனக்கு நேரம் இருந்தது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்து, முடிவில் பெருமூச்சோடு ஒப்புக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். சாமர்த்தியம் காட்டித்தான் இவ்வளவும் வந்தது.

என் வேலை மனிதர்களை உட்கார வைத்துப் பார்ப்பது. ஒரு செயலியை உருவாக்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கையில் கொடுத்து, எங்கே விழிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி அறை, கேமரா, ஆறு மாத அவகாசம் எல்லாம் உண்டு. எங்கள் நிறுவனத்தில் நான் உண்டு, ஒரு கத்தரிக்கோல் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் என் மேஜை முன் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள அஞ்சு பேரை வெச்சு டெஸ்ட் பண்ணி முடிச்சிடும்மா."

"மூணு நாள்ல அஞ்சு பேருக்கு நான் எங்க சார் போறது?"

"உனக்கா ஆள் கிடைக்காது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆக்கிடாத. அதை மட்டும் பாத்துக்கோ."

செயலி இதுதான். ஒரு கட்டடத்தில் எங்காவது அழுக்கைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்பலாம். அது அந்த மாடியைச் சுத்தம் செய்பவரின் கைபேசிக்குப் போகும். அவர் துடைத்துவிட்டு 'முடித்துவிட்டேன்' என்று அழுத்த வேண்டும். புகார் அனுப்புகிறவர்கள் பக்கம் ஏற்கெனவே தயார். துடைக்கிறவர்கள் பக்கத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே இதைச் சோதிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. திரைகளைத் தாளில் பேனாவால் வரைந்து, கைபேசி அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். வருகிறவர் தாளில் இருக்கும் பொத்தானை விரலால் தொடுவார். நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைப்பேன். அதாவது நான்தான் கம்ப்யூட்டர். ஐந்து பேர் போதும், ஏனென்றால் ஆறாவது ஆளும் முதல் ஐந்து பேர் இடறிய கல்லில்தான் இடறுவார்.

புதன்கிழமைக்குள் நான்கு பேர் முடிந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு பேர், வண்டி நிறுத்துமிடத்தைப் பெருக்குபவர் ஒருவர், நான்காவது என் மாமியார். அவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளைக் கழுவித் துடைத்து ஓய்வு பெற்றவர் என்பதால் தகுதியான ஆள்தான். ஆனால் சமையலறை மேஜையில் அவரை வைத்துச் சோதித்ததில் என் தகுதிதான் அடிபட்டது.

"இதுதான் போனா?"

"போன்னு நினைச்சுக்கோங்க அத்தை."

"அப்ப நீ யாரு?"

"நான் கம்ப்யூட்டர். நீங்க எதைத் தொடறீங்களோ அதுக்கேத்த மாதிரி மாத்துவேன். நடுவுல பேச மாட்டேன்."

"பேசாம இருப்பியா? இந்த மிஷின் எனக்குப் புடிச்சிருக்கு. வீட்டுக்கே ஒண்ணு வாங்கிடலாம்."

என் கணவர் அடுத்த அறையில் சிரித்த சத்தம் இரண்டு நிமிடத்துக்குக் கேட்டது.

ஐந்தாவது ஆளுக்கு எங்கள் கட்டடத்துத் துப்புரவு சூப்பர்வைசரிடம் போனேன். அவர் அறை கீழ்த்தளத்தில், துடைப்பங்களும் வாளிகளும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மனிதர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாடி எண்தான் பெயர். "ரெண்டாம் மாடி லீவு", "நாலாம் மாடிக்கு முட்டிவலி" என்பார். நான் கேட்டதும் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நாளைக்கு ஒண்ணரை மணிக்கு அனுப்பறேன்" என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு ஆலோசனை அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவரை எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்புவரை எங்கள் மூன்றாம் மாடியைச் சுத்தம் செய்தவர். நான் புகார் எழுதியது இவர்மேல்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு வேறொரு செயலிக்காக இருபத்தாறு திரைகளை வரைந்து வெட்டினேன். வரிசை புரிவதற்காக இதே அறையின் தரையில் பரப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கதவில் ஒரு குறிப்புகூட ஒட்டவில்லை. எங்கள் கட்டடத்தில் மேஜைமேல் இருப்பது பொருள், தரையில் கிடப்பது குப்பை. வேலைக்குச் சேரும் நாளே எல்லோருக்கும் சொல்லப்படும் விதி அது, எனக்கும் தெரியும். மறுநாள் வந்து பார்த்தால் அறை பளிச்சென்று இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரத்திலும் புத்தி வேலை செய்தது, அதுதான் கேடு. புகார்ச் சீட்டை எடுத்து எழுதினேன். மூன்றாம் மாடி ஆலோசனை அறையில் வைத்திருந்த என் முக்கிய ஆவணங்களைத் துப்புரவுப் பணியாளர் அப்புறப்படுத்திவிட்டார். யாரிடமும் கேட்காமல் செய்திருக்கிறார். முன்பும் இப்படி நடந்துள்ளது.

தரை என்ற சொல்லை எழுதவில்லை. மூன்றாவது வரி முழுப் பொய். முதல் தடவை என்றால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், மறுபடி நடந்தது என்றால்தான் நடவடிக்கை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இரண்டு வாரத்தில் எங்கள் மாடிக்கு வேறொருவர் வந்தார். பழையவர் எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது மிகவும் வசதியாக இருந்தது.

இப்போது அவர் நாற்காலியின் நுனியில், மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீருடை புதிதாக இஸ்திரி போட்டது. தலை படிய வாரியிருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்க எங்கள் நிரலாளர் இருந்தான். ஓயாமல் பேசுவதால் அலுவலகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அன்று அவன் கைபேசியில் வீடியோ பதிவு ஓடியதால் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்.

"இது உங்களுக்கு வெக்கற பரீட்சை இல்லக்கா. இந்த ஆப்புக்கு வெக்கற பரீட்சை. எதுவும் தப்பாகாது. மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னா போதும்."

"சரி மேடம். சூப்பர்வைசர் நல்லா செஞ்சிட்டு வான்னு சொன்னாரு."

முதல் தாளை வைத்தேன். 'புதிய புகார் ஒன்று' என்று எழுதி, கீழே 'பார்க்க' என்று ஒரு பொத்தான். தடங்கல் இல்லாமல் படித்தார். கையை நீட்டினார். தாளுக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது.

"தொடுங்கக்கா."

"தொட்டா ஒண்ணும் ஆகாதே மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. ஏன், என்ன தோணுது?"

கையை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி வெட்டின பேப்பரைத் தொட்டுத்தான் எனக்குக் காலை வேலை போச்சு."

ரேடியோ நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்கவில்லை. இந்த வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று அந்தப் பாடத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

"இதே ரூம்தான் மேடம். கீழ முழுக்க பேப்பர் துண்டு. வெட்டிப் போட்டதுன்னு நினைச்சுப் பெருக்கிட்டேன். யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும், இந்த மாடியில எல்லாரும்தான் பேப்பரை வெட்டிக்கிட்டே இருக்கீங்க. புகார் எழுதிட்டாங்க. ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்க."

"யார் எழுதினதுன்னு கேட்டீங்களா?" என்றான் ரேடியோ, பாலபாடத்தைக் காற்றில் பறக்கவிட்டு.

"பேரை வெளிய சொல்லக் கூடாதாம் தம்பி. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறாரு. விடியறதுக்கு முன்னாடி போயிட்டு மதியம் ஒரு மணிக்கு வருவாரு. நான் ஒரு மணிக்குக் கிளம்பணும். வாசப்படியில நின்னு சாவியைக் கை மாத்திக்கறோம், அவ்வளவுதான் குடும்பம். 'ஒரு வண்டியை ரெண்டு டிரைவர் ஓட்டற மாதிரி இருக்கு'ன்னு சொல்றாரு." சிரித்தார். "இன்னைக்கு அதுவும் இல்ல. சீக்கிரம் வரணும்னு சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

எங்களுக்கு ஒரு சோதனைக்கு இருபது நிமிடம். அதற்காக அவர் தன் வாசற்படி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினேன். பிறகு பார்த்தால் வெறும் கோடுகள்.

"திரும்பக் காலைக்கு மாத்த மாட்டாங்களா?" மறுபடியும் ரேடியோ.

"நாளைக்கு அஞ்சு மணியோட ஷிப்ட் பட்டியலை முடிக்கறாங்க தம்பி. எழுதினவங்களே வந்து வாபஸ் வாங்கினா மாத்துவாங்களாம். இல்லன்னா அந்த இடம் இப்ப இருக்கறவங்களுக்கு நிரந்தரம். எழுதினவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்ன?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். "நான்தான்க்கா" என்று இரண்டு சொல். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ரேடியோ, அவன் காதில் விழுந்தால் ஊருக்கே ஒலிபரப்பு. இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடிப்பதற்குள் என் கை பழக்கத்தில் அடுத்த தாளை எடுத்து வைத்துவிட்டது.

அதில் 'இரண்டாம் மாடிப் படிக்கட்டில் கறை' என்று எழுதி, ஒரு படம் வரைந்து, கீழே 'முடித்துவிட்டேன்' என்ற ஒரே ஒரு பொத்தானைப் போட்டிருந்தேன். அக்கா நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"என்னக்கா தேடறீங்க?"

"பதில் சொல்ற இடம் எங்க மேடம்? அது கறையே இல்ல, கல்லோட நிறமே அப்படித்தான்னு வெச்சுக்கோங்க. அதை எங்க சொல்றது?"

முந்தைய நான்கு பேரும் கேட்காதது இது. துடைக்கிறவர் பேச ஒரு இடம் வேண்டும் என்பது வரைந்த எனக்கும் தோன்றவில்லை, ஒப்புதல் கொடுத்த மேனேஜருக்கும் தோன்றவில்லை. நல்ல கண்டுபிடிப்பு என்று மனதுக்குள் ஒரு மூலையில் மகிழ்ச்சிகூட வந்தது. அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கடைசியில், "மொத்தத்துல ஆப் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். எல்லாமே ஈஸியா இருக்கு." எழுந்து நின்றவர் கொஞ்சம் தயங்கினார். "நான் நல்லா செஞ்சேன்னு சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

பரீட்சை இல்லை என்று நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினேன்.

கதவு மூடியதும் ரேடியோ ஆரம்பித்தான். "பட்டன் ரொம்பச் சின்னது. கை வெக்கவே தயங்கறாங்க பாருங்க. அந்தக் கிளிப்பை மீட்டிங்ல போடலாம். பேப்பர் கதையையும் சேர்க்கவா?"

"வேணாம். டெஸ்ட்டுக்குச் சம்பந்தமில்லாதது. வெட்டிடு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். ஆனால் குறுகுறுக்கிற நெஞ்சுதான் வேகமாகவும் வேலை செய்கிறது.

அன்று வீட்டில் மாமியார், "அஞ்சாவது ஆள் கிடைச்சாளா?" என்று கேட்டார்.

"கிடைச்சாங்க."

"என்னைவிட நல்லா செஞ்சாளா?"

எழுந்து தட்டைக் கழுவப் போனேன். முப்பது வருடத்தில் இவர்மேல் எத்தனை பேர் எழுதிப் போட்டார்களோ என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி மீட்டிங்கில் அந்தக் கிளிப் ஓடியது. பெரிய திரையில் ஒரு கை, தாளுக்கு மேலே வந்து நிற்கிறது, திரும்பிப் போகிறது. "தொட்டா ஒண்ணும் ஆகாதே மேடம்?" என்ற குரல். அறையே சிரித்தது. "கரண்ட் அடிக்கும்னு பயந்துட்டாங்க போல," என்றார் மேனேஜர். நானும் சிரித்தேன். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

"பட்டனைப் பெருசாக்குங்க," என்றார் மேனேஜர்.

"பட்டன் சின்னதா இருக்கறதால இல்ல சார்," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"வேற எதனால?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பதில் சொல்ல இடம் இல்ல. அதான் பிரச்சனை," என்று இன்னொரு உண்மையைச் சொல்லி இந்த உண்மையை மூடினேன். தாளைத் திருப்பிப் பார்த்த கிளிப்பைப் போட்டுக் காட்டினேன். 'என் பதில்' என்று ஒரு பொத்தான் சேர்ப்பது என்று முடிவானது. மூணு நாள்ல, கைக்காசு போகாம, இப்படி ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கா பாருங்க என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கை தட்டினார்கள். செத்துவிடலாம் போல இருந்தது.

நாலரை மணிக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று படிக்கட்டு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சூப்பர்வைசர் என் சீட்டைத் தேடி எடுத்து, வாபஸ் படிவத்தை நீட்டினார். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.

"என்ன காரணம் மேடம்?"

"பேப்பரெல்லாம் கிடைச்சிடுச்சு."

"மூணு மாசம் கழிச்சா?"

"அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு."

அவர் என் சீட்டை இன்னொரு முறை படித்தார். "முன்னாடியும் நடந்திருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அது?"

"அது ஏதோ ஞாபகப் பிசகு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். படிவத்தில் முத்திரை குத்தினார். ஒரு பொய்யை எடுக்கப் போய் இரண்டு பொய்யை வைத்துவிட்டு வந்தேன். ஆனாலும் படியேறும்போது மனம் லேசாகத்தான் இருந்தது. வேலை திரும்பிவிட்டது, அதுதானே முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அக்கா எங்கள் மாடியில் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை வாளியில் போட்டுவிட்டு, கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், நீங்கதானே பேசினீங்க? சூப்பர்வைசர் சொன்னாரு, மூணாம் மாடியிலேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க, உன் புகார் வாபஸ் ஆயிடுச்சுன்னு. எழுதினவங்க யாருன்னு கண்டுபுடிச்சு நீங்கதான் சொல்லி வாபஸ் வாங்க வெச்சிருக்கீங்க."

நான் வாயைத் திறந்தேன். "ம்" என்ற சத்தம்தான் வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமும் சோப்பு வாசனையுமாக இருந்தது அந்தக் கை. "நேத்தே காலை ஷிப்ட் குடுத்துட்டாங்க. நானும் வீட்டுக்காரரும் ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். 'அந்த மேடத்துக்கு என் சார்பா நன்றி சொல்லு'ன்னாரு. இனிமே யாரு என்ன எழுதினாலும் எனக்குப் பயமில்ல, நீங்க இருக்கீங்க."

அவர் கை என் கையை விடவில்லை. நானாக இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கவா மேடம்? எழுதினவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

"சண்டைக்கெல்லாம் இல்ல. முன்னாடியும் இப்படி நடந்திருக்குன்னு அவங்க எழுதியிருந்தாங்க. சூப்பர்வைசர் படிச்சுக் காட்டினாரு. அது எப்போன்னு மட்டும் கேட்டுக்கணும். மூணு மாசமா ஒவ்வொரு நாளா யோசிச்சுப் பாக்கறேன். யாரோட பொருளை எடுத்துப் போட்டேன், என்னத்தைப் போட்டேன்னு ஞாபகமே வரல. பாவம், அவங்களுக்கு என்ன நஷ்டமோ."

"நீங்க மறந்திருப்பீங்கக்கா," என்றேன்.

அக்கா என் கையை விட்டார்.

"இருக்கும் மேடம். வயசாகுதுல்ல," என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.